ஒரே தாள் எல்லோருக்கும் பொருந்தாது: பக்கவாதத்துக்குப் பிறகு ஆளுக்கேற்ற பிசியோதெரபி

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. மேலூர் பக்கத்தில் ஒரு கிராமம், நெல் விவசாயம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. 2 மாதங்களுக்கு முன் வலப்பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது உடற்பயிற்சிப் படங்கள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். இப்போது ஆள் பிடித்துக்கொண்டால் நடக்கிறார். வலது கை விரல்கள் லேசாக அசைகின்றன. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட எங்கள் அத்தைக்கும் கிட்டத்தட்ட அதே தாளைத்தான் கொடுத்திருக்கிறார்கள். "கை காலை ஆட்டிவிடுவதற்கு எதற்குக் காசு? எண்ணெய் தேய்த்து வீட்டிலேயே ஆட்டிவிட்டால் போதாதா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ஆளுக்கேற்ற பிசியோதெரபி என்கிறார்களே, அதனால் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்:

பயன் உண்டு, அதுவும் சிறிய பயன் அல்ல. ஆனால் உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் தாளை வைத்துக்கொண்டு அதை அடைய முடியாது. மதுரையில் நீண்ட காலமாக இயன்முறை மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்ட்டாக, இருக்கிறேன். என்னிடம் வருவோரில் பெரும் பகுதியினர் பக்கவாதம் வந்தவர்கள். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நோயின் பெயரை மட்டும் பார்த்து பிசியோதெரபியைத் தொடங்கக் கூடாது. இந்த மனிதர் காலையில் எழுந்ததும் என்னென்ன செய்தாக வேண்டும், அவற்றில் எது இன்று முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று முதலில் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் கொடுக்கும் உடற்பயிற்சி, வேறு யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டைப் போன்றது.

உங்கள் அத்தையையும் அப்பாவையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அத்தையின் முழங்காலில் தேய்ந்த எலும்பு முனைகளை வெட்டி, உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தியிருக்கிறார்கள். அவருடைய மூளைக்கும் நரம்புகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொடைத் தசை வலிக்கு அஞ்சி ஒடுங்கியிருக்கிறது. மூட்டைச் சுற்றி வீக்கமும் இறுக்கமும் இருக்கின்றன. மடக்குவதும் நீட்டுவதும் தொடையை வலுப்படுத்துவதும்தான் அவருக்கு வேலை. உங்கள் அப்பாவின் காலிலோ கோளாறு எதுவும் தொடங்கவில்லை. எலும்பும் மூட்டும் தசையும் பழையபடி இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் இடது மூளையின் ஒரு பகுதி செயலிழந்திருக்கிறது. ஆகவே அவருக்கு நடக்க வேண்டிய சிகிச்சை மூளைக்குக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சை. ஒரு தாளில் உள்ள 10 படங்கள் இந்த இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உறவினர்களின் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. செத்துப்போன நரம்பணுக்கள் திரும்ப வருவதில்லை. ஆனால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள அணுக்களும், மூளையின் வேறு பகுதிகளும் புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள முடியும். இது தானாக நடக்கும் அளவு கொஞ்சம். பயிற்சியால் நடக்கும் அளவு அதிகம். நோயாளி தானே முயன்று அசைக்க வேண்டும். அதையே பல நூறு முறை செய்ய வேண்டும். செய்வது அவருடைய வாழ்க்கைக்கு வேண்டிய செயலாகவும், அவரால் இன்று சற்றுச் சிரமப்பட்டால் முடியக்கூடிய செயலாகவும் இருக்க வேண்டும். மிக எளிதாக இருந்தால் மூளை எதையும் கற்பதில்லை. மிகக் கடினமாக இருந்தால் அவர் உடம்பைக் கோணி, நல்ல பக்கத்தை வைத்துச் சமாளித்துவிடுவார். மூளை அந்தக் கோணலைக் கற்றுக்கொள்ளும்.

அவர் படுத்திருக்க நீங்கள் கையை ஆட்டிவிடும்போது மூட்டு இறுகாமல் இருக்கும். அதற்காக அது தேவைதான், குறிப்பாகக் கை முழுக்கச் செயலற்று இருக்கும் நாட்களில். ஆனால் அங்கே உழைப்பது உங்கள் கை. அவருடைய மூளை அல்ல. "நீங்களே தூக்குங்கள், முடியாத மிச்சத்துக்கு மட்டும் நான் தாங்குகிறேன்" என்று சொல்லிச் செய்யும் அதே அசைவு முற்றிலும் வேறு சிகிச்சை. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எத்தனை முறை என்பதும் முக்கியம். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள மறுவாழ்வு மையங்களில் நடப்பதை நேரில் எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. பக்கவாதம் வந்தவர்கள் பயனுள்ள கை வேலையைப் பயிற்சி செய்த அமர்வுகளில் சராசரியாக 32 முறைதான் அந்த அசைவு நடந்திருந்தது. விலங்குகளில் மூளை மாற்றத்தைக் காட்டிய சோதனைகளில் இந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது. வசதி மிகுந்த மையங்களிலேயே இந்த நிலை என்றால், வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் வந்துபோகும் பிசியோதெரபிஸ்ட்டால் மட்டும் எதுவும் ஆகாது. மீதி நேரமெல்லாம் வீட்டில் நடக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு என்று வீட்டுக்காரர்களுக்குக் கற்றுத்தருவது அவருடைய வேலையில் பாதி.

ஆளுக்கேற்ப என்பதன் பொருளை நம் ஊர் ஆட்களை வைத்தே சொல்கிறேன். மூன்று பேருக்கு மூளையில் ஒரே இடத்தில், ஒரே அளவு பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் செல்லூரில் கைத்தறி நெய்பவர். இன்னொருவர் மல்லிகைப் பூக் கட்டி விற்கும் அம்மா. மூன்றாமவர் உங்கள் அப்பா.

நெசவாளர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதிபலகைகளை மாறி மாறி மிதிக்க வேண்டும். மணிக்கணக்கில் முதுகு சாயாமல் உட்கார வேண்டும். ஒரு கை, நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்க, இன்னொரு கை பலகையை அடிக்க வேண்டும். அவருக்கு முதலில் வேண்டியது உட்கார்ந்த நிலையில் உடம்பின் சமநிலை, பிறகு கணுக்காலின் தாளம், பிறகு இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலை. அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதை நான் முதல் மாதத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பூக் கட்டுகிறவருக்குக் கை வலிமை அவ்வளவாக வேண்டியதில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு மொட்டை நசுக்காமல் பிடிக்க வேண்டும். நாரைச் சுற்றி இழுக்கும் விசை சரியாக இருக்க வேண்டும். அதற்கு விரல் நுனியில் தொடு உணர்வு வேண்டும். பக்கவாதத்தில் அசைவு திரும்பியும் உணர்வு திரும்பாதவர்கள் நிறையப் பேர். கை நன்றாக அசைகிறதே, ஏன் பாத்திரத்தைக் கீழே போடுகிறார் என்று வீட்டில் கோபப்படுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு துணிப்பையில் கிடக்கும் புளியங்கொட்டையையும் சோழியையும் பொத்தானையும் தடவிப் பார்த்துச் சொல்வது, பிறகு தடித்த நூலில் பெரிய மணிகளைக் கோப்பது, பிறகு சாமந்தி, கடைசியில் மல்லிகை என்று அவருடைய பயிற்சி போகும். கைப்பிடியை இறுக்கும் ரப்பர் வளையத்தை வைத்து 100 முறை அமுக்கினாலும் அவருக்கு ஒரு முழம் பூக் கட்ட வராது.

இனி உங்கள் அப்பா. அவர் வரப்பில் நடக்க வேண்டும். வரப்பு குறுகலானது, சரிவானது, பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் வழுக்கும். சமதளமான மருத்துவமனை வராந்தாவில் 50 அடி நடந்துவிட்டார் என்பதால் வரப்பில் நடப்பார் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஒற்றைக் காலில் ஒரு கணம் உடம்பைத் தாங்கும் திறன், பக்கவாட்டில் சாயும்போது சமாளிக்கும் திறன், பாதத்தின் முன்பகுதியைத் தூக்கி வைக்கும் திறன் ஆகியவை வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குப் பாதம் தொங்கிப்போய், கட்டைவிரல் தரையில் தட்டும். அப்படியானால் ஏ.எஃப்.ஓ. என்ற கணுக்கால் தாங்கியை அளவெடுத்துப் போட வேண்டியிருக்கலாம். அவருடைய நடைப்பயிற்சி வீட்டுத் தரையில் தொடங்கி, சிமெண்டு முற்றம், பிறகு தெரு, பிறகு களத்துமேடு, பிறகு காய்ந்த வரப்பு என்று போக வேண்டும். ஈர வரப்பில் தனியாக நடக்க வேண்டுமா என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம். வேண்டாம் என்று முடிவு செய்வதும் நல்ல சிகிச்சைதான்.

இதற்கெல்லாம் முன்னால் முதல் நாள் மதிப்பீடு ஒன்று நடக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஒவ்வொரு தசையின் பலத்தையும் 0 முதல் 5 வரை மதிப்பிடுவோம். தசை இறுக்கம் எவ்வளவு, தோளில் வலி உண்டா, தொடுவது தெரிகிறதா, விரல் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று அவர் பார்க்காமலே சொல்கிறாரா என்றெல்லாம் பார்ப்போம். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று அளப்போம். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று கொள்வது வழக்கம். 14 செயல்களை 56 மதிப்பெண்ணுக்கு மதிப்பிடும் சமநிலைத் தேர்வு ஒன்றும் உண்டு. இந்த எண்களைக் குறித்து வைத்து, 2 வாரம் கழித்து மறுபடி அளந்தால்தான் சிகிச்சை வேலை செய்கிறதா என்பது தெரியும். அளக்காமல் "நல்ல முன்னேற்றம்" என்று யார் சொன்னாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை இன்னும் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் சொன்னதைப் புரிந்துகொள்வதும் பாதிக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் பெரும்பாலோருக்கு மொழி இடது மூளையில்தான் இருக்கிறது. அப்படி இருந்தால் "காலை மடக்குங்கள், இப்போது நீட்டுங்கள்" என்று வரிசையாகச் சொல்லிப் பயனில்லை. செய்து காட்ட வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல். சொன்னபடி செய்வதில்லை, பிடிவாதம் பிடிக்கிறார் என்று வீட்டில் நினைப்பது பல நேரம் இதுதான். அடுத்தது சர்க்கரை. பல வருடச் சர்க்கரையால் பாதத்தில் மரமரப்பு ஏற்கெனவே இருந்திருக்கலாம். அதற்கேற்பச் செருப்பையும் பயிற்சியையும் மாற்ற வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் பயிற்சி செய்யக் கூடாது.

வீட்டையும் பார்க்க வேண்டும். கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் குழிந்துவிடும். நல்ல உடம்புக்காரர்களுக்கே அதிலிருந்து எழுவது சிரமம். சமமான கட்டிலாகப் போட்டு, கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். இந்த ஒரு மாற்றம் மட்டும் செய்தாலே, பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தவர்கள் தாங்களாக எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அதுவே பயிற்சி. வலது பாதத்தைச் சற்றுப் பின்னால் வைத்து எழச் சொல்ல வேண்டும். அப்போதுதான் பலவீனமான காலில் எடை விழும். இல்லையென்றால் இடது காலை மட்டும் வைத்து எழுந்துவிடுவார், வலது கால் சும்மா இருக்கும். காலையில் 10 முறை, மாலையில் 10 முறை எனத் தொடங்கலாம். எளிதாகிவிட்டால் செங்கலை எடுத்து உயரத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் இப்படி ஒரு படி கடினமாக்கிக்கொண்டே போவதைத்தான் ஆளுக்கேற்ற சிகிச்சை என்கிறோம். கழிப்பறையில் குத்தவைத்து உட்கார முடியாது என்றால் வெஸ்டர்ன் டாய்லெட்டோ, நடுவில் துளையிட்ட நாற்காலியோ வேண்டும். சுவரில் கைப்பிடிக் கம்பி வேண்டும். இரவில் எழுந்து கொல்லைப் பக்கம் போகும்போது விழுவதுதான் நான் அதிகம் பார்க்கும் விபத்து.

இப்போது கைக்கு வருகிறேன். இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு தோள் மூட்டைப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்துவிடுவதால், கையின் எடையிலேயே மூட்டு சற்றுக் கீழிறங்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைப்பது, அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது இரண்டும் தோளைக் கெடுத்துவிடும். ஜன்னல் கம்பியில் கப்பி கட்டி, நல்ல கையால் இழுத்து, விழுந்த கையைத் தலைக்கு மேல் உயர்த்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு; தோள்பட்டை எலும்பு சேர்ந்து சுழலாமல் கை மட்டும் மேலே போவதால் அதுவும் வலியைத்தான் கொண்டுவரும். ஒருமுறை தோள்வலி தொடங்கிவிட்டால் அவர் கையைத் தொடவே விடமாட்டார். பிறகு பயிற்சிக்கு வழியே இல்லை. உட்கார்ந்திருக்கும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துத் தாங்குங்கள். நடக்கும்போது தாங்கு பட்டை வேண்டுமா என்பதை அவரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்மைலி பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வதும் எனக்குப் பிடிக்காத ஒன்று. பக்கவாதம் வந்தவர்களில் மிகப் பலருக்கு விரல்கள் மடங்க விரும்பும்; நீட்டுவதுதான் கடினம். ஒரு டம்ளரைப் பிடிக்க முதலில் கை திறக்க வேண்டும், பிடித்த பிறகு விடவும் வேண்டும். நெதர்லாந்தில் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்து 72 மணி நேரத்துக்குள் ஓரளவு விரலை நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் உயர்த்தவும் முடிந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு 6 மாதத்தில் ஏதேனும் கைத்திறன் திரும்பியிருந்தது. 2 மாதம் ஆகிவிட்ட உங்கள் அப்பாவுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் விரல் லேசாக அசைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மடக்கும் அசைவா, நீட்டும் அசைவா என்று கவனியுங்கள். விரல்களைச் சுமார் 10 பாகையும் (டிகிரி) மணிக்கட்டை 20 பாகையும் தானாக மேலே நிமிர்த்த முடிந்தால் அவருக்கு இன்னொரு வழியும் திறக்கிறது. நல்ல கையில் உறை மாட்டிவிட்டு, விழுந்த கையை மட்டுமே பயன்படுத்த வைக்கும் சிகிச்சை அது. 222 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களுக்கு அதனால் பயன் இருப்பதைக் காட்டியது. அந்த அளவு அசைவு இல்லாதவருக்கு அதையே செய்தால் துன்பம்தான் மிஞ்சும். யாருக்கு எது என்று பிரிப்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். இதமாக இருக்கும், தோல் வறளாது, மகன் அருகில் உட்கார்ந்து கால் பிடித்துவிடுவது அப்பாவுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மென்மையாகத் தேய்த்துவிடுங்கள். ஆனால் அதைப் பயிற்சிக்குப் பதிலாக வைக்காதீர்கள். இறுகிய தசையை முரட்டுத்தனமாக நீவி இழுக்கவும் வேண்டாம். சூடான மணல், தவிடு, உப்பு ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்வு குறைந்த கையிலும் சர்க்கரைக்காரரின் பாதத்திலும் சூடு தெரியாமல் கொப்புளம் வந்து, புண்ணாகி, அதற்காகவே மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் உண்டு. புறா ரத்தம் தடவச் சொல்லி யாராவது வருவார்கள். கோளாறு மூளையில் இருக்கிறது. தோலில் தடவும் எதுவும் அங்கே போய்ச் சேராது.

அதிகம் செய்தால் சீக்கிரம் சரியாகும் என்பதும் எப்போதும் உண்மை அல்ல. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியை எழுப்பி அதிக நேரம் நடமாட வைப்பது நல்லதா என்று 5 நாடுகளில் 2,104 பேரிடம் சோதித்தார்கள். 2015-இல் முடிவு வந்தபோது, அப்படிச் செய்யப்பட்டவர்களின் நிலை வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடச் சற்று மோசமாக இருந்தது. முதல் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி என்பதுதான் பொருந்தியது. கில்லன் பாரே என்ற நரம்பு நோயில் இது இன்னும் கறார். அங்கே தசை துவளும் அளவுக்குப் பயிற்சி கொடுத்தால் பலவீனம் கூடிவிடலாம், ஓய்வும் சிகிச்சையின் ஒரு பங்கு. உங்கள் அப்பா முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இப்போது அவருக்குச் சோம்பல்தான் பெரிய ஆபத்து.

அத்தைக்குச் சுருக்கமாக. அறுவை சிகிச்சை நடந்த நாளிலோ மறுநாளிலோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பது இப்போது வழக்கம். சில வாரங்களுக்குள் முழங்கால் 90 பாகையாவது மடங்க வேண்டும், முழுக்க நீளவும் வேண்டும். பலர் மடக்குவதையே நினைத்து, நீட்டுவதை விட்டுவிடுகிறார்கள், பிறகு காலை விந்தி நடக்கிறார்கள். தூங்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. கோயில் மண்டபத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும் என்பது அவர் ஆசையாக இருந்தால், அதை முன்கூட்டியே அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

எலும்பு முறிவிலும் இதே கதைதான். மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்ட பாட்டிக்கு, கட்டுக்குள் இருக்கும் மணிக்கட்டைவிட, கட்டுக்கு வெளியே இருந்தும் அசைக்காமல் விட்ட விரல்களும் தோளும்தான் பிறகு அதிகம் தொல்லை தரும். நாட்டுக் கட்டு போடுகிறவர்கள் மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டி, விரல் நீலம் பாய்ந்து மரத்துப்போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது; ரத்த ஓட்டம் நின்று முன்கைத் தசை செத்துவிட்டால் எந்தப் பயிற்சியாலும் அதை மீட்க முடியாது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் முழங்கால் தசைநார் அறுந்து வரும் இளைஞர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு. அறுவை சிகிச்சை முடிந்து 9 மாதம் ஆகாமல், இரண்டு தொடையின் பலமும் ஏறக்குறைய சமமாகாமல், மாட்டின் முன் நிற்கப் போனால் அதே முழங்கால் மறுபடி போகும் வாய்ப்பு மிக அதிகம். மூன்றாம் மாதமே வலி இருக்காது. வலி இல்லாததைக் குணமானதாக எடுத்துக்கொள்வதால்தான் அடுத்த தைக்குள் திரும்ப வருகிறார்கள்.

"கரண்ட் வைக்கிறார்களா?" என்பது எங்கள் ஊரில் பிசியோதெரபி நிலையத்தைப் பற்றி முதலில் கேட்கும் கேள்வி. இயந்திரம் இருந்தால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. சில இடங்களில் மின் தூண்டலுக்கு உண்மையான பயன் உண்டு. தொங்கும் பாதத்தைத் தூக்க, தளர்ந்த தோள் தசையைச் சுருங்க வைக்க, நோயாளியின் முயற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் உதவும். ஆனால் இடுப்புவலிக்கு அல்ட்ராசவுண்டும் பல வகைக் கரண்ட் சிகிச்சைகளும் தர வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2016-இலேயே சொல்லிவிட்டது. படுக்க வைத்து, கம்பிகளை ஒட்டிவிட்டு, 20 நிமிடம் கழித்து எழுப்பி அனுப்புவது மட்டுமே நடக்கும் இடத்தில் உங்கள் பணத்தையும், அதைவிட மேலாக இந்த மாதங்களையும் இழக்காதீர்கள்.

மாதங்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பக்கவாதத்தில் மீட்சி முதல் 3 மாதங்களில்தான் வேகமாக நடக்கும். 6 மாதம் வரை ஓரளவு வேகம் இருக்கும். அதன் பிறகும் பயிற்சியால் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. உங்கள் அப்பா இன்னும் அந்த வேகமான காலத்துக்குள் இருக்கிறார். ஆகவே அடுத்த அமாவாசை கழியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

செலவைப் பற்றி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு, நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அப்பாவின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இயன்முறை சிகிச்சை கிடைக்கும். தனியாரை வீட்டுக்கு அழைப்பதானால், அவர் பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டம் பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். பயிற்சிக் காலமும் சேர்த்து நான்கரை ஆண்டு படித்து வந்தவர்கள் நாங்கள், அதைக் கேட்டால் நாங்கள் கோபப்பட மாட்டோம். முதல் நாளே அப்பாவிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறாரா, அளக்கிறாரா, 2 வாரத்துக்கு ஒருமுறை பயிற்சியை மாற்றுகிறாரா, வீட்டில் ஒருவருக்குக் கற்றுத்தருகிறாரா என்று பாருங்கள். வீட்டிலிருந்து வயல்வரை போகும் பாதையைக் கைபேசியில் படம் பிடித்து அவரிடம் காட்டினால், வெறும் வார்த்தையில் சொல்வதைவிட நல்லது.

அப்பாவின் மனத்தையும் கவனியுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிய மனிதர் மற்றவர் கையால் குளிக்க வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பயிற்சியே வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பவர் சோம்பேறி அல்ல. அவருக்கு மருத்துவ உதவி தேவை, சிகிச்சையும் இருக்கிறது. அவர் முன்னால் "இனி எங்கே எழுந்திருக்கப் போகிறார்" என்று பேசும் உறவினர்களை வெளியே உட்கார வைத்துப் பேசுங்கள்.

எல்லாம் திரும்பி வரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. நடை திரும்பும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. வலது கை மண்வெட்டி பிடிக்குமா என்பது விரல் நீட்டும் அசைவு அடுத்த சில வாரங்களில் எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. வராவிட்டாலும் வேலை நின்றுவிடாது. இடது கையால் சாப்பிட, எழுத, சட்டைப் பொத்தான் போடப் பழக்கலாம். நீளக் காம்புள்ள இலகுவான கருவியால் மடை திறந்து விடலாம். வலது கை பொருளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் துணைக் கையாகவாவது ஆகலாம். இடது கையால் சாப்பிடுவதை வீட்டில் குறையாகப் பார்க்காதீர்கள், அவரே அதற்குத்தான் அதிகம் கூச்சப்படுவார். மொபெட் ஓட்டுவதை நரம்பியல் மருத்துவர் அனுமதிக்கும்வரை நிறுத்தி வையுங்கள்.

பயிற்சிக்கு முன் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்; மேல் எண் 180-க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கெண்டைக்காலை நீவிவிடாதீர்கள், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு உண்டு. ஆகவே மாத்திரைகளை ஒரு நாளும் விடக் கூடாது. முகம் கோணுவது, பேச்சு குழறுவது, கையோ காலோ புதிதாக விழுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் எண்ணெய் தேட வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரம்தான் இருக்கிறது. அதற்குள் ஸ்கேன் எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.